டைபாய்டு என்று சொல்லியிருந்தோம்

அந்த வருஷம் லெந்து காலத்தில் நான் இளைத்தேன். இளைத்தது எனக்குப் பிடித்திருந்தது. நோய் எப்போது தொடங்கியது என்று டாக்டர்கள் கேட்டபோதெல்லாம் நான் திணறியதற்கு அதுதான் காரணம். ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன். என்னைப் போல் இருமலை வாரக்கணக்கில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே போய்ச் சளியைச் சோதித்துப் பாருங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்போது எதையாவது விடுவார்கள். அப்பா வெற்றிலையை விடுவார், அம்மா மீனை விடுவாள். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த பிறகு நான் காலைச் சாப்பாட்டை விட்டேன். அந்த வருஷம் மதியத்தையும் சேர்த்து விட்டேன். கூடவே, ஒவ்வொரு லெந்திலும் என் குறைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவது என் வழக்கம். அந்த முறை பிடித்தது என் நாக்கை.

என் கணவர் எட்வினுக்கு கச்சிபௌலியில் வேலை. வாடகை குறைவு, தமிழ்ச் சபையும் செகந்திராபாத்தில் பக்கம் என்று நாங்கள் அல்வாலில் வீடு பார்த்திருந்தோம். ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கம்பெனி வண்டியில் போய்த் திரும்பி அவர் வீடு சேரும்போது எங்கள் மகள் ஜெரூஷா தூங்கியிருப்பாள். மூன்று வயதுப் பிள்ளையோடு நாள் முழுக்கத் தனியாக இருந்த எரிச்சலை, அவர் செருப்பைக் கழற்றும் முன்பே நான் கொட்டித் தீர்த்துவிடுவேன். பிறகு முழங்காலில் நின்று அழுவேன். இயேசுவைப் போல இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓர் ஏக்கம். அவர் யாரையும் அவசரமாகப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றும். நானோ பெற்ற பிள்ளையைக்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பார்த்தேன்.

அந்த லெந்தில் என் சத்தம் நின்றது. எட்வின் அத்தான் எத்தனை மணிக்கு வந்தாலும் சோற்றைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். "என்ன, இன்னைக்கும் வாணவேடிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டார். நான் சிரித்தேன். உபவாசம் பலிக்கிறது என்று நினைத்தேன். குரல் எழும்பாத அளவுக்கு உடம்பில் சத்து இல்லாமல் போனதை நான் சாந்தம் என்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும். காலையில் எழுந்தால் தலையணை நனைந்திருக்கும். இருமல் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்துவிட்டது. அல்வாலில் ஒரு டாக்டர் டஸ்ட் அலர்ஜி என்று சிரப் கொடுத்தார். இன்னொருவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். நான் சாப்பிடாமல் இருப்பதை இருவரிடமும் சொல்லவில்லை. உபவாசத்தை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். சொன்னால் சாப்பிடச் சொல்லிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். ஆனால் சபையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சபையில் நான் ஞாயிறு பள்ளியின் கடைசி வகுப்புக்கு, அதாவது குட்டிப் பிள்ளைகளுக்கு, பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ரோட்டுச் சத்தம் கேட்கும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். பாடும்போது எனக்கு இருமல் வரும். பிள்ளைகளும் என்னைப் போலவே இருமிக் காட்டிச் சிரிப்பார்கள். ஸ்டெல்லா அக்காவின் மகன் ஜோயல் வகுப்பு முடியும்வரை என் மடியை விட்டு இறங்க மாட்டான்.

ஸ்டெல்லா அக்கா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு ராணுவத் தளவாட அலுவலகத்தில் வேலை. அவளுடைய தமிழில் பாதி அந்த ஊர் இந்திதான்; 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"ஹவ் பியூலா, கைக்கு இப்படி ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டே? உன் வீட்டுக்காரர் சம்பளத்தைத் திருப்பிக் கம்பெனிக்கே குடுத்துட்டாரா?"

"லெந்துக்கா."

"நானும்தான் லெந்து இருக்கேன். டீல சக்கரையை விட்டேன். மூணே நாள்தான், எங்க வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, தாயே சக்கரை போட்டுக்கோ, வீட்ல இருக்க முடியலன்னுட்டார்." பிறகு என் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சொன்னாள்: "உன் மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்திருக்குடி. நிஜமா."

அந்த வார்த்தையை நான் வீடுவரை பத்திரமாகக் கொண்டுபோனேன். இப்போது தெரிகிறது, அது காய்ச்சல்.

இயேசு சிலுவையில் அறையப்பட்ட பெரிய வெள்ளியன்று காலை வாய் கொப்பளிக்கும்போது ரத்தம் வந்தது. தொட்டி முழுக்கச் சிவந்துபோனது. அத்தான் ஓடிவந்து பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் புறப்பட்டார். அப்போதும் நான், "மத்தியானம் மும்மணி ஆராதனை முடிஞ்சதும் போலாம் அத்தான்" என்றேன்.

"ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டார். செருப்பப் போடு."

பேகம்பேட்டில் அப்போதைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனோம். விடுமுறை நாள் ஆனதால் காத்திருக்கும் கூடத்தில் அவ்வளவாகக் கூட்டமில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல் பகுதியில், புகை படிந்தது போல் ஒரு வெள்ளைத் திட்டு. மறுநாள் காலை எழுந்தவுடன், நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமிச் சளியை ஒரு மூடிபோட்ட டப்பாவில் கொடுக்கச் சொன்னார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி இருந்தால் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். எனக்கு நிறையத் தெரிந்ததாம்.

டாக்டர் பத்மஜா தெலுங்குக்காரர். சென்னையில் படித்ததால் கொஞ்சம் தமிழ் பேசினார். "டி.பி.தான் அம்மா. பயம் வேணா. மருந்து இருக்கு. ஆறு மாசம், ஒரு நாள்கூட விடக் கூடாது. என்ன சாப்பிடறே நீ? எலும்பு மட்டும் இருக்கு."

நான் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"காய்ச்சலோட, இருமலோட, இவ்ளோ நாள் பட்டினியா? உங்க தேவுடு கேட்டாரா இதை?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆண்டவர் கேட்கவில்லைதான். நான்தான் கொடுத்தேன், கொடுத்ததை எல்லோரும் பார்க்கும்படி கொடுத்தேன்.

பிறகு டாக்டர் கேட்டார்: "வீட்ல சின்னக் குழந்தை உண்டா? நாளைக்கே கூட்டி வரணும். ஸ்கூல்ல வேலை பாக்கறியா?"

"இல்ல டாக்டர்."

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லையா, வந்தும் சொல்லவில்லையா என்று இன்றும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது மாடியின் கோடியில் எனக்குத் தனி அறை. வீட்டில் இருப்பது இரண்டே அறை என்பதாலும், ரத்தம் மறுபடி வரலாம் என்பதாலும், முதல் சில வாரங்கள் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். காசநோய் தொட்டால் பரவாது. இருமும்போது காற்றில் கலந்து, அடைத்த அறையில் நெடுநேரம் கூட இருப்பவர்களுக்குப் பரவும். அதனால் ஜன்னலை எப்போதும் திறந்து வைத்தார்கள். முகமூடி போடச் சொன்னார்கள். நான்கு வகை மாத்திரைகள். அவற்றில் ஒன்று சிறுநீரைச் செந்நிறமாக்கும். அதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் முதல் நாள் நான் கழிப்பறையில் நின்று அலறிவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "அது மருந்தும்மா, வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். நம் சனங்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

ஈஸ்டர் அந்த அறையில்தான் கழிந்தது. இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுபாதையிலிருந்து கிளம்பும் விமானங்கள் மிகத் தாழ்வாக, வயிறு தெரியும்படி போகும். கட்டில் கம்பி அதிரும்.

ஜெருவின் முன்கையில் மருந்தைத் துளி ஊசியாகப் போட்டார்கள். மாண்டூ பரிசோதனை என்று பெயர். கிருமி உடம்புக்குள் போயிருந்தால் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடிக்கும். அவளுக்குத் தடித்தது. அத்தான் போனில் சொல்லும்போது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். "நோய் இல்ல பியூலா. எக்ஸ்ரே நல்லா இருக்கு. கிருமி மட்டும் உள்ள போயிருக்கு. அது எந்திரிக்காம இருக்க ஆறு மாசம் ஒரு மாத்திரை. பொடிச்சு ஜாம்ல குடுத்தா சாப்பிட்டுருதா."

இயேசு தொட்டவர்களை விட்டு நோய் போனது என்று நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் மடியில் வைத்துக்கொண்ட பிள்ளைக்கு நோய் போனது. இந்த எண்ணம் ஒருமுறை வந்த பிறகு என்னை விட்டு நகரவே இல்லை.

ஜெருவைப் பார்த்துக்கொள்ள அத்தானின் அக்கா, கிரேஸ் மதினி, நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தார்கள். தன் வீட்டையும் மாமியாரையும் அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். தினமும் அல்வாலில் சமைத்து, பஸ் மாறி எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார்கள். ஆட்டுக்கால் சூப்பை மூடியில் ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். "லெந்து முடிஞ்சிட்டு. இனி நான் சொல்லுததுதான் வேதம். குடி."

சபைக்கு டைபாய்டு என்று சொன்னது மதினிதான். சபைப் போதகரின் மனைவி ஆயரம்மா போன் செய்தபோது தயங்காமல் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிறு ஆராதனையில், டைபாய்டு காய்ச்சலில் இருக்கும் சகோதரி பியூலாவுக்காக என்று ஜெபித்தார்களாம். அத்தான் அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் திருத்தச் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை ஓடிய பிறகு, பெரியவர்கள் கொஞ்ச நேரம் வந்து பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். மறுநாளே ஸ்டெல்லா அக்கா ராகி மாவும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து நின்றாள். மதினியும் அப்போது அறையில் இருந்தார்கள்.

"டைபாய்டுக்கு மாஸ்க் கைக்கு?" என்றாள் நாற்காலியை இழுத்துக்கொண்டே.

"இருமல் இருக்குல்லா," என்றார்கள் மதினி. "ஆசுபத்திரிக்காரன் போடச் சொல்லுதான்."

"பிள்ளைங்க கேட்டுட்டே இருக்குடி. உனக்குப் பதிலா வந்த அங்கிள் பாடினா அழுவுதுங்க. அழுவறதுல நியாயம் இருக்கு, நானும் கேட்டேன்." சிரித்துவிட்டுச் சட்டென்று குரலை இறக்கினாள். "ஜோயல்தான் சரியில்ல பியூலா. சாப்பாடு நக்கோங்கிறான். சாயந்திரம் ஆனா மேல் கதகதன்னு இருக்கு. இருமல் வேற. டாக்டரு டஸ்ட் அலர்ஜின்னு சிரப் குடுத்திருக்கார்."

நான் மதினியைப் பார்த்தேன். மதினி தலையை ஆட்டவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தார்கள். வேண்டாம் என்று அர்த்தம்.

"நீ கொஞ்சம் ஜெபம் பண்ணேன் அவனுக்கு," என்று ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தாள். "நீ கேட்டா கிடைக்கும். லெந்து பூரா நீ இருந்த இருப்பைப் பாத்தேனே நான்."

நான் ஜெபம் பண்ணினேன்.

நன்றாகவே பண்ணினேன். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. முகமூடிக்குள்ளிருந்து அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் காய்ச்சலைச் சொல்லி, அவனைத் தொட்டுச் சுகமாக்கும்படி கேட்டேன். ஸ்டெல்லா அக்கா அழுதாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் நெஞ்சு லேசாச்சு" என்று போனாள். ரத்தம் வந்தபோது இல்லாத பயம் எனக்கு அப்போது வந்தது. உள்ளே பொய்யை வைத்துக்கொண்டு என்னால் இவ்வளவு அழகாக ஜெபிக்க முடிகிறது என்றால், இதுவரை நான் ஜெபித்ததெல்லாம் என்ன?

"மதினி, சொல்லிரணும்," என்றேன்.

மதினி பாத்திரங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "யாருக்குச் சொல்லணும்? ஊருக்கா? அந்தப் பிள்ளைக்கு டாக்டர் பாக்காருல்லா."

"எனக்கும் அதே டஸ்ட் அலர்ஜின்னுதான் சொன்னாங்க. நம்ம ஜெருவுக்கு ஊசி போட்டுப் பாத்து மாத்திரை குடுக்கோம். அவிய பிள்ளைக்கு மட்டும் சிரப்பா?"

மதினி என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். "ஏட்டி, உனக்காகவா சொல்லுதேன்? நீ படிச்சவ, தாங்கிக்கிடுவ. ஜெருவுக்காகச் சொல்லுதேன். நாளைக்கு அந்தக் கிளாஸ்ல அது பக்கத்துல ஒரு பிள்ளையையும் உக்கார விடமாட்டாவ. சீக்கு வீடும்பாவ. பெரிசானபிறகும் அதச் சொல்லித்தான் பேசுவாவ. எங்க ஊர்ல நான் பாத்திருக்கேன்."

சிலுவை என்றால் நான் சுமப்பது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதன் ஒரு முனையை என் பிள்ளையின் தோளிலும் வைக்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று சாயங்காலம் அத்தானிடம் போனில் கேட்டேன். அவர், "டாக்டரையே யாரு பேரும் சொல்லாம பேசச் சொல்லலாமா?" என்றார். அந்த யோசனையை நான் ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். தைரியம் தரும்படி ஜெபம் பண்ணினேன். மறுபடி பண்ணினேன். மதியச் சாப்பாடு வந்து ஆறியது. ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்வரை போனை எடுக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை அத்தான் ஜெருவை மருத்துவமனை வாசலுக்குக் கூட்டிவந்தார். பிள்ளைகளை மேலே விட மாட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று என் ஜன்னலைக் காட்டினார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். மஞ்சள் கவுன், மதினி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அந்தப் பின்னந்தலையின் எண்ணெய் வாசனை மூன்றாவது மாடிவரை வரும் என்பது போல நான் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் அண்ணாந்தாள். சரியாக அந்த நேரம் ஒரு விமானம் கிளம்பிப் போனது. அவள் அதைப் பார்த்துக் குதித்தாள். கை தட்டினாள். அப்பாவின் கையை உதறிவிட்டு அது போன பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓடினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் அழுதேன். ஆனாலும் அவள் ஓடுகிறாள். இரைக்காமல், இருமாமல் ஓடுகிறாள். ஏனென்றால் அவளுக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

அவர்கள் போனதும் ஸ்டெல்லா அக்காவை அழைத்தேன்.

"அக்கா, எனக்கு டைபாய்டு இல்ல."

"பின்ன?"

"டி.பி. ஜெருவுக்கும் கிருமி போயிருக்கு. ஜோயலுக்கு அலர்ஜியா இருக்காதுக்கா. இன்னைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. இங்க டாக்டர் பத்மஜான்னு..."

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசிலடித்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"ஈஸ்டருக்கு முந்தின நாள்."

"முந்தாநேத்து நான் வந்தேன்ல. உன் பக்கத்துல உக்காந்து அழுதேன்ல." குரல் உயரவே இல்லை. அவள் திட்டியிருக்கலாம். "அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் என் பிள்ளைக்கு ஜெபம் பண்ணியா?"

"ஆமாக்கா."

"ஹவ்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பிறகு நானே ஆயரையும் அழைத்துச் சொன்னேன். டாக்டர் பத்மஜாவிடம் வகுப்பைப் பற்றிச் சொன்னபோது, "இதை முதல் நாளே கேட்டேனே அம்மா" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வாரமே பிள்ளைகளைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தந்தார். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். என் அறை இருந்த மாடிக்குக் கீழேதான் அந்தப் பிரிவு. ஜன்னலிலிருந்து அவர்கள் வருவதும் போவதும் எனக்குத் தெரிந்தது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு ஜெருவைப் போலத் தடுப்பு மாத்திரை. ஜோயலுக்கு நோயே வந்திருந்தது. பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார்கள், குழந்தைகளுக்கு வரும் முதல்நிலைக் காசநோய். நெஞ்சில் நெறி கட்டியிருந்தது. மருந்து தொடங்கினார்கள். நேரத்தோடு பிடித்ததால் கவலையில்லை என்று டாக்டர் சொன்னதாக அத்தான் வந்து சொன்னார். நேரத்தோடு என்ற சொல்லைக் கேட்டு நான் சந்தோஷப்படலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் எனக்குப் பார்வையாளர்கள் வரவில்லை. "உபவாசம் இருந்த லட்சணம்" என்று சபைப் பெண்கள் சங்கத்தில் யாரோ சொன்னது என் காதுவரை வந்து சேர்ந்தது. மதினி அதைக் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்க்காத விதமாக என் பக்கம் பேசினார்கள். "பொய் சொன்னது நான். அவ சொல்லல. எவளுக்கு வேணும்னாலும் என்கிட்ட வந்து கேக்கட்டும்."

சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் பற்றி அத்தான் என்னிடம் பேசவில்லை. சொந்த வண்டி வாங்கும் பேச்சு மட்டும் அந்த வருஷம் வீட்டில் எழவில்லை. வாசலில் ஜெருவைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் மதினியின் சேலைக்குள் புகுந்துகொண்டு, "நக்கோ" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றது. இரண்டு நாள் கழித்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, தானாக வந்து என் முதுகில் சாய்ந்து நின்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று கை ஈரத்தோடு அப்படியே இருந்தேன். அரிசி ஊறிப்போனது.

என் நாக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உடம்பு தேறத் தேற அதுவும் தேறியது. ஒரு நாள் அத்தான் தாமதமாக வந்ததற்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. அவர் செருப்போடு வாசலிலேயே நின்று, "அப்பாடா, குணமாயிட்ட" என்றார்.

மாத்திரைகள் முடிந்து, நுரையீரல் தெளிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அதற்கு முன்பும் நான் சபைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். கடைசி பெஞ்சில், சுவரோரமாக, ஜெருவோடு. எங்கள் சபையில் அப்பமும் ரசமும் வாங்குமுன் சமாதானம் கொடுப்பார்கள். ஆயர் பீடத்திலிருந்து இறங்கிவந்து, முதல் வரிசையில் இருப்பவரின் கையைத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக் கொடுப்பார். வாங்கியவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கை மாறி மாறிக் கோயில் முழுக்க வரும். என் பெஞ்சுக்கு வரும்போது மட்டும் அது ஒரு கும்பிடாக மாறியிருக்கும். அவர்கள் மரியாதையாகத்தான் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன்.

அன்று ஸ்டெல்லா அக்கா தாமதமாக வந்தாள். முன்னால் இடமில்லை. என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு, அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அந்த ஆறு மாதமாக அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜோயல் ஓடியாடி விளையாடுகிறான் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

சமாதானம் வந்தது. முன் பெஞ்சிலிருந்தவர் திரும்பி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். கொடுக்க என்னைத் தவிர யாருமில்லை. அவள் கும்பிட்டிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன்; என் கைகள் கும்பிடத் தயாராகப் பாதி எழும்பியும்விட்டன. அவள் அந்த இரண்டு பேர் இடத்தைக் கடந்து வந்தாள். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்தாள். இறுக்கமாகத்தான் வைத்தாள். ஆனால் முகத்தைப் பீடத்தின் பக்கமே வைத்திருந்தாள். நான் அவள் கண்ணைத் தேடினேன். தரவில்லை. பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

கையைத் தந்தாளே, அதுவே பெரிது என்று அத்தான் சொல்கிறார். எனக்கு அவள் முகமும் வேண்டும். வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லாதவளாகவே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும், அதே பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்து.